சென்சரை ஏமாற்றும் மலிவுப் பெட்டிகள் காரின் பிக்கப்பைக் கூட்டுமா?

சம்மாந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: ஒன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், எஞ்சின் சென்சரின் வயரில் இணைக்கும் 'பவர் சிப்' ஒன்றை அவருடைய மச்சான் தன் காருக்குப் போட்டிருக்கிறார், போட்ட நாளிலிருந்து பிக்கப் கூடியிருக்கிறது, பெற்றோலும் மிச்சமாகிறது என்கிறார், தானும் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எஞ்சினுக்குக் கேடு வருமா? வேலை செய்யுமா செய்யாதா என்பதை மட்டும் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் மச்சான் பொய் சொல்லும் ஆள் அல்லர், கார் ஓட்டத் தெரியாதவரும் அல்லர் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த மனிதர் உணர்ந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவரைக் குழப்புகிறது என்று விளங்குகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் வாகன மின்வேலை செய்யத் தொடங்கி எனக்கு 26 வருடங்கள் ஆகின்றன. என்னிடம் இருப்பவை காரின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஒரு நல்ல ஸ்கேனர், ஒரு மல்டிமீற்றர், கையில் ஒரு ஸ்டொப்வொச். சில்லை உருளையில் ஏற்றி எஞ்சினின் சக்தியை நேராக அளக்கும் டைனோ இயந்திரம் என்னிடம் இல்லை. ஆகவே நான் சொல்வதில் சிலவற்றைக் கண்ணால் கண்டும் அளந்தும் சொல்கிறேன், சிலவற்றைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்தில் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்த வகையில் மூன்றை நான் வெட்டித் திறந்திருக்கிறேன். கறுப்புப் பிசின் ஊற்றி இறுக்கியிருந்த ஒன்றைத் திறக்க அரைமணித்தியாலம் பிடித்தது. உள்ளே இருந்தது ஒரேயொரு ரெசிஸ்டர், மின்சாரத்துக்குத் தடை போடும் சிறு உறுப்பு. அதன் அளவைச் சொல்லும் நிறக்கோடுகள் சிவப்பு, சிவப்பு, சிவப்பு, ஓரத்தில் பொன்னிறக் கோடு, அதாவது 2.2 கிலோ ஓம். வானொலி திருத்தும் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. அதை எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் வயரில் தொடராகச் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தச் சென்சர் சூடேறச் சூடேறத் தடை குறையும், பாசிமணி போன்ற ஒரு சிறு பொருள். பல கார்களில் 20 பாகையில் ஏறக்குறைய 2.4 கிலோ ஓமும், 40 பாகையில் அதன் பாதி அளவும் காட்டும். எஞ்சின் கொம்பியூட்டர் அதற்கு 5 வோல்ற் வழியை அனுப்பி, திரும்பி வரும் வோல்ற்றைப் பார்த்து, இன்ன சூட்டில் காற்று வருகிறது என்று முடிவு செய்கிறது. இடையில் 2.2 கிலோ ஓமைச் செருகினால் மொத்தத் தடை கூடுகிறது. 42 பாகையில் வரும் காற்றை 12 பாகைக் காற்று என்று கொம்பியூட்டர் நம்புகிறது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து மத்தியானத்தில் நம்முடைய கார் மட்டும் நுவரெலியாவில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது.

குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அதில் ஒட்சிசன் அதிகம். ஆகவே அதற்குப் பெற்றோலும் அதிகமாக ஊற்ற வேண்டும். இது சரியான பௌதிகம்தான், விற்பவர்கள் இந்த இடம் வரை பொய் சொல்வதில்லை. 42 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் அடர்த்தி வித்தியாசம் கணக்குப்படி ஏறக்குறைய பத்து சதவீதம். ஆனால் ரெசிஸ்டர் போட்டதால் காற்று குளிர்ந்துவிடவில்லை. சிலிண்டருக்குள் போகும் ஒட்சிசன் ஒரு துளியும் கூடவில்லை. பெற்றோல் மட்டும் கூடுகிறது. எரிவதற்கு ஒட்சிசன் இல்லாத பெற்றோல் சக்தி தராது, சைலன்சர் வழியே வெளியே போகும். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான், ஏனென்றால் கொம்பியூட்டர் ஒரு சென்சரின் வாக்கை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சர் இருக்கிறது. எரிந்து முடிந்த வாயுவில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறதா, பெற்றோல் மிஞ்சியிருக்கிறதா என்பதைப் பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவுக்குக் கலவையைத் திரும்பத் திரும்ப அது இழுத்து வந்து நிறுத்துகிறது. அந்தத் திருத்தத்தைக் கொம்பியூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் அதற்கு 'லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்' என்று பெயர்.

இதை நான் அளந்து பார்த்தேன். 800 சீசீ இந்தியக் கார் ஒன்று, சொந்தக்காரரின் சம்மதத்தோடு. ரெசிஸ்டர் போடுவதற்கு முன் நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 2 சதவீதத்தில் நின்றது. போட்டவுடன் கணநேரத் திருத்தம் கழித்தலுக்குச் சரிந்தது. இரண்டு நாள் ஓடிய பின் நீண்டகாலத் திருத்தம் கழித்தல் 8இல் போய் நின்றது. ரெசிஸ்டர் கூட்டச் சொன்ன பத்து சதவீதத்தை ஒட்சிசன் சென்சர் அப்படியே பிடுங்கிவிட்டது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எஞ்சின் சூடேறிய பின், சாதாரணமாக ஓடும்போதும், நின்று இரையும்போதும் இந்தப் பெட்டியால் பெற்றோல் கலவை மாறுவதில்லை என்பதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

பெடலை முழுவதும் மிதிக்கும்போது நிலைமை கொஞ்சம் வேறு. அப்போது பல கார்கள் ஒட்சிசன் சென்சரைப் பொருட்படுத்தாமல், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றோலை வேண்டுமென்றே கூட்டி, பன்னிரண்டரை, பதின்மூன்று என்ற அளவில் ஊற்றுகின்றன. அதிகபட்ச சக்தி கிடைக்கும் கலவை ஏற்கெனவே அதுதான். அதற்கு மேலும் பத்து சதவீதம் ஊற்றினால் சக்தி குறையுமே தவிரக் கூடாது. இன்னொரு வழியும் இருக்கிறது, விற்பவர்களின் கூற்றில் நான் முற்றாகத் தள்ளிவிடாத ஒரே பகுதி அது. காற்று சூடாக இருந்தால் பல கொம்பியூட்டர்கள் பிளக் நெருப்பை எஞ்சின் சுழலும் கோணத்தில் ஓரிரு பாகை பிந்தி அடிக்கும். குளிர்ந்த காற்று என்று ஏமாற்றினால் அந்தப் பின்வாங்கல் இல்லாமற்போய், எஞ்சின் இம்மியளவு கூர்மையாக ஓடக்கூடும். ஆனால் கொம்பியூட்டர் நெருப்பைப் பிந்தியதே சூடான காற்றில் நொக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து எரிவது, வரும் என்பதற்காகத்தான். நாம் ஊற்றுவது பெரும்பாலும் 92 ஒக்டேன் பெற்றோல், நொக்கிங்கை அவ்வளவாகத் தாங்காதது. கரடியனாறு தாண்டிப் பதுளைப் பக்கம் ஆட்களை நிறைத்துக்கொண்டு ஏற்றம் ஏறும்போது, கொம்பியூட்டர் 12 பாகை என்று நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் 50 பாகைக் காற்று போய்க்கொண்டிருந்தால், பிஸ்டனின் தலையில் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கலாம். நொக் சென்சர் உள்ள கார் அதைக் கேட்டு நெருப்பைத் திரும்பவும் பிந்திவிடும். கிடைத்ததாக நினைத்ததும் போய்விடும். அந்தச் சென்சர் இல்லாத பழைய சிறு கார்களில் கேட்பதற்கு ஆளில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போகும் காற்றின் நிறையையே நேராக அளக்கும் எயார் ஃபுளோ சென்சர் உள்ள கார்களில், உதாரணமாக அக்சியோ போன்றவற்றில், காற்று வெப்பச் சென்சரின் சொல்லுக்குப் பெற்றோல் கணக்கில் மதிப்புக் குறைவு. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயான மனிபோல்ட்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் கார்களில் அதற்கு மதிப்புக் கூட. எனவே ஒருவருடைய காரில் எதுவுமே நடக்காதிருக்கவும், இன்னொருவருடைய காரில் பிளக் கறுப்பதற்கும் இதே பெட்டி காரணமாக இருக்கலாம்.

சக்தி கூடியதா என்பதை டைனோ இல்லாமல் எப்படிப் பார்ப்பது? செங்கலடியிலிருந்து போகும் பதுளை வீதியில் நேரான துண்டு ஒன்றில், விடியற்காலையில், அதே காரை மூன்றாம் கியரில் 30இலிருந்து 70 வரை முழுப் பெடலில் ஓட்டி நேரம் பிடித்தோம். எழுபதுக்கு மேலே போகவில்லை. அங்கே சட்டம் அனுமதிக்கும் வேகம் அதுதான். ரெசிஸ்டரோடு பத்துத் தடவை, இல்லாமல் பத்துத் தடவை. எது போட்டிருக்கிறது என்று ஓட்டியவருக்குச் சொல்லவில்லை. ஒரே நிலையில் எடுத்த நேரங்களுக்கு இடையிலேயே அரைச் செக்கன் வரை ஏற்ற இறக்கம் இருந்தது. இரண்டு நிலைகளின் சராசரிகளுக்கு இடையில் அதைவிடக் குறைவான வித்தியாசமே இருந்தது. ஆகவே பயன் இல்லவே இல்லை என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் அது கையில் பிடித்த ஸ்டொப்வொச்சில் தெரியாத அளவுக்குச் சிறியது என்பதே இதன் முடிவு. இருக்கையில் இருப்பவரின் முதுகு ஸ்டொப்வொச்சைவிட நுட்பமான கருவி என்று நான் நம்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு காரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் கல்லடிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கார் பெற்றோலை அதிகமாகக் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வாசம் அடிக்கிறது, இரண்டு கராஜில் காட்டிவிட்டேன் என்றார். ஸ்கேனரை மாட்டினேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. நேரடித் தரவைப் பார்த்தால், வெளியே வியர்வை ஒழுகும் வெயிலில் காற்றின் வெப்பம் 9 பாகை என்று காட்டியது. சென்சரின் வயர் இணைப்புப் பிளக்கைக் கழற்றினேன். அதன் உலோகக் கால் ஒன்று முழுவதும் பச்சைக் களிம்பு. கடலின் உப்புக்காற்று பித்தளையைத் தின்று, அந்த இணைப்பில் கிட்டத்தட்ட மூன்று கிலோ ஓம் தடையை உண்டாக்கியிருந்தது. ஒன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் அதே சிப்பை உப்புக்காற்று அவருக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்திருந்தது! அவர் அதைப் பிக்கப் கூடியதாக உணரவில்லை. கோளாறு என்றுதான் கொண்டுவந்தார். சுரண்டித் துடைத்து, கால் ஒன்றை மாற்றிக் கொடுத்ததும் 36 பாகை காட்டியது.

அப்படியானால் மச்சான் உணர்ந்தது என்ன? இதில் நான் அவரைப் பார்க்காமல் பேசுகிறேன் என்பதால் ஊகமாகவே சொல்ல முடியும், ஆனால் என்னிடம் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் சில உண்டு. பெட்டியைப் பூட்டும் முன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றும்படி தாளில் எழுதியிருப்பார்கள். கழற்றினால் பல கார்களில் கொம்பியூட்டர் அதுவரை கற்றுவைத்த திருத்தங்கள் அழிந்துபோகும். அடுத்த நூறு, இருநூறு கிலோமீற்றருக்குக் கார் வேறுமாதிரி ஓடும். சில வேளை முன்பைவிடத் துடிப்பாகவும் ஓடும். சிப் உங்கள் ஓட்டத்தைக் கற்றுக்கொள்ள இருநூறு கிலோமீற்றர் ஆகும் என்று விற்பவர் சொல்வதும் இதனோடு கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. இரண்டாவது, காசு கொடுத்து வாங்கியதைச் சோதிக்கும் கால், பெடலை முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாகத்தான் மிதிக்கும். மூன்றாவது, பெட்டி போடும் நாளிலேயே எயார் ஃபில்ரரையும் பிளக்கையும் மாற்றியவர்கள் பலர். புகழ் மட்டும் பெட்டிக்குப் போய்விடும். பெற்றோல் மிச்சம் என்பதும் அப்படித்தான். டாங்கியை நிரப்பும்போது பம்பின் துப்பாக்கி ஒரு நாள் முந்தியும் ஒரு நாள் பிந்தியும் நிற்கும். அதில் ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் வித்தியாசம் வந்தால் 20 லீற்றருக்கு அது ஐந்து முதல் பத்து சதவீதம். 2022இல் கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில் இப்பெட்டிகளைத் தேடி வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் எல்லோருமே பெடலை மெதுவாக மிதித்தார்கள், எல்லோருக்குமே பெற்றோல் மிஞ்சியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சொக்கெற்றில் செருகும் பெட்டி வேறு வகை. அதை விளக்க அதிகம் வேண்டியதில்லை. அந்தச் சொக்கெற்றில் 16 கால்கள். 16ஆவது காலில் பற்றரியின் பிளஸ், 4ஆவதிலும் 5ஆவதிலும் ஏர்த், இன்றைய கார்களில் 6ஆவதும் 14ஆவதும் கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் இணைப்பு. நான் திறந்த பெட்டியில் பிளஸ்ஸும் ஏர்த்தும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சிறு சிப்பும் மூன்று விளக்குகளும் இருந்தன. கேன் இணைப்பில் பேசுவதற்குத் தேவையான பகுதியே பலகையில் இல்லை. விளக்குகள் மட்டும் அழகாக மினுங்கின. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்தும் மதிப்பிட்டும் பார்த்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சத்தைத் தந்ததாக எதையும் அது கண்டதில்லை.

பெடலின் கீழ் போடும் பெட்டியை இவற்றோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. அது சொல்வதைச் செய்கிறது. நீங்கள் பெடலைக் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாகக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. கார் துள்ளிப் பாய்கிறது. ஆனால் முழுவதும் மிதித்தால் முழுவதும்தான். எஞ்சினின் உச்ச சக்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆழமாக மிதித்தால் வருவதுதான் மேலாக மிதித்தாலும் வருகிறது. விரும்பினால் போடலாம். மழையில் கல்லடிப் பாலத்துப் போக்குவரத்தில் ஊர்ந்து போகும்போது அது எரிச்சல் தரும் என்பது என் சொந்தக் கருத்து.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பச் சென்சரில் ரெசிஸ்டர் போடும் வேலையை. பல கார்களில் ரேடியேட்டர் விசிறியை ஓட்டுவதும் அதே சென்சரின் சொல்தான். எஞ்சின் குளிராக இருக்கிறது என்று ஏமாற்றினால் விசிறி பிந்தித்தான் சுழலும். நம்முடைய வெயிலில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைவதற்கு அது போதும். ஒட்சிசன் சென்சரை ஏமாற்றும் சாமான்களும் உண்டு. புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள சென்சரைக் கொஞ்சம் வெளியே தூக்கிவைக்கும் குழாய்த்துண்டு, எரிந்துகொண்டிருக்கும் எஞ்சின் விளக்கை அணைக்கும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. கொன்வேட்டர் செத்திருந்தால் அது செத்தபடியேதான் இருக்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும் அன்று தெரிந்துவிடும்.

டீசலில் மட்டும் என் பதில் மாறும். கொமன் ரெயில் டேர்போ டீசல் எஞ்சின்களில் காற்று எப்போதும் தேவைக்கு மேலே இருக்கிறது. டீசலைக் கூட்டினால் இழுவை கூடும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சரில் பெட்டி போட்டு, உண்மை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால், கொம்பியூட்டர் பம்பின் அழுத்தத்தைக் கூட்டும். உண்மையாகவே வான் இழுக்கும். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவோட்டம் ஓடும் சில வான்களில் இதைப் பார்த்திருக்கிறேன், ஓட்டியும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் மனப்பிரமை அல்ல. ஆனால் ஏற்கெனவே 1,600 பார் அழுத்தம், அதற்கு மேலும் என்று ஓடும் பம்பும் இன்ஜெக்டரும் அதற்கு மேலே தள்ளப்படுகின்றன. புகைக்குழாய்ச் சூடும் கரியும் கூடுகின்றன. அப்படிப் பெட்டி போட்ட வான் ஒன்று இரண்டு இன்ஜெக்டர் பழுதாகி என்னிடம் வந்தது. பெட்டிதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த வான் மூன்று லட்சம் கிலோமீற்றர் கடந்தது, டீசலில் தண்ணீரும் இருந்தது. ஆனால் இரண்டு இன்ஜெக்டரின் விலையோடு பார்த்தால் பெட்டியின் விலை ஒன்றுமே இல்லை என்பதை வானின் சொந்தக்காரரே வாய்விட்டுச் சொன்னார்.

இனி உங்கள் காருக்கு வருவோம். வாங்க வேண்டாம். அந்தக் காசில், கைத்தொலைபேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி வாசிப்பான் ஒன்றை வாங்குங்கள்; பிக்கப்பை அது கூட்டாது, ஆனால் காற்று வெப்பம், கூலன்ட் வெப்பம், ஃபியூவல் ட்ரிம் ஆகிய மூன்றையும் கண்ணுக்குக் காட்டும். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சரிலோ இணைப்பிலோ பிழை. அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயல் வீதிகளில் ஓடிய காரின் எயார் ஃபில்ரரை ஒரு முறை கழற்றித் தட்டிப் பாருங்கள். விழும் தூசியின் அளவை நான் சொல்ல வேண்டியதில்லை. டயர் காற்று, பிடித்துக்கொண்டு விடாத பிரேக், எஞ்சினின் காற்று வாசலான திரொட்டிலில் பிடித்த கரி, தேய்ந்த பிளக், இவைதான் நான் பார்த்தவரையில் இழந்த பிக்கப்பைத் திரும்பத் தந்தவை.

மச்சானிடம் பெட்டியைக் கழற்றச் சொல்வது உங்கள் வீட்டு அரசியல், அதில் நான் தலையிடவில்லை. கழற்றுவதானால், பூட்டும்போது சென்சரின் வயரை வெட்டினாரா, பிளக்கோடு பிளக் மாட்டினாரா என்று மட்டும் கேளுங்கள். வெட்டியிருந்தால், முனைகளை முறுக்கி ரேப் சுற்றி விட்டுவிட வேண்டாம்; ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். நம்முடைய கரையோரத்தில் ரேப் சுற்றிய முறுக்கு ஒரு மாரி தாண்டுவதற்குள் பச்சை பூத்துவிடும், அப்போது கழற்றி எறிந்த சிப் திரும்பவும் வந்து உட்கார்ந்ததாகிவிடும்.